தண்ணி குடிச்சியா?

மே மாதம் பிறந்துவிட்டால் பிள்ளைகளுக்கு லீவு, ஆண்களுக்கு வெயிலைப் பற்றிப் பேச்சு, நமக்கு மட்டும் கல்யாண வீட்டுச் சமையல்! குறை சொல்வதற்காக எழுதவில்லை. பேரன் பேத்திகள் ஓடி விளையாடாத வீடும் ஒரு வீடா? ஆனால் பதினாலு பேருக்கு மூன்று வேளை ஆக்கிப் போடுகிறவளுக்குத்தான் ஒரு நாள் எத்தனை நீளம் என்று தெரியும்.

எங்களுக்குத் திருவையாறு. தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டர். சித்திரையில் ஏழூர்ப் பல்லக்கு வரும்போது வெளியூரில் இருக்கும் எங்கள் ஜனம் எல்லாம் ஊர் வந்து சேர்ந்துவிடும். ஐயாறப்பர் பல்லக்கு புறப்பட்டு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஊர் ஊராகப் போய், மறுநாள் மற்ற ஊர்ப் பல்லக்குகளையும் கூட்டிக்கொண்டு திருவையாற்றுக்கே திரும்பி வரும். முடிவில் ஒரு பொம்மை வந்து சுவாமிக்குப் பூப்போடும். அந்தப் பொம்மையைப் பார்க்கத்தான் பிள்ளைகளுக்கு அவ்வளவு ஆசை. பெரியவர்களுக்கும் ஆசைதான், சொல்லிக்கொள்வதில்லை.

2025 மே மாதமும் அப்படித்தான். வீட்டில் நாங்கள் மூன்று பேர்: என் மாமியார், அவர், நான். நாத்தனார் குடும்பம் நாலு பேர், சென்னையிலிருந்து கொழுந்தனார் குடும்பம் நாலு பேர், என் மகள், அவளுடைய இரண்டரை வயதுப் பையன், பல்லக்குப் பார்க்க வந்த சின்ன அத்தை (மாமியாருக்கு ஓர்ப்படி). கூட்டிப் பாருங்கள். கடைசி இரண்டு நாள் மாப்பிள்ளையும் வந்துவிட்டார்.

ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் அறுபது இட்லி சொச்சம் வரும். அது ஒரு வேளைக்குக் காணும். மறுவேளைக்கு மாவு மிஞ்சுமா என்றெல்லாம் கனவு காணக் கூடாது. பால் நாலு லிட்டர். தயிருக்கு உறை ஊற்ற ஒரு லிட்டர் தனி. சிலிண்டர் மூன்றாம் நாளே தீர்ந்தது, இன்னொன்று இருந்ததால் பிழைத்தேன். இதில் எனக்கு உதவியது ஒரே ஒரு ஏற்பாடுதான். முதல் நாள் காப்பி குடிக்கும்போதே சொல்லிவிட்டேன், அவரவர் தட்டு, டம்ளரை அவரவரே கழுவி வைக்க வேண்டும், ஆண்களும் உட்பட என்று. கொழுந்தனார் ஒரு சிரிப்புச் சிரித்தார். ஆனால் மறுபேச்சில்லாமல் கழுவினார். பெண்களுக்கு ஒரு சட்டம், ஆண்களுக்கு ஒரு சட்டம் என்று வைத்தால் லீவு முடியும்போது நமக்கு இடுப்பு இருக்காது.

காவிரியில் மே மாதம் மணல்தான். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12-ல். தண்ணீர் எங்கள் ஊர் வந்து சேருவதற்குள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடும். அதனால் சென்னைப் பிள்ளைகளுக்குக் காவிரி என்றால் கிரிக்கெட் ஆடுகிற இடம்! "பெரியம்மா, இதுல நிஜமாவே தண்ணி வருமா?" என்று கொழுந்தனாரின் சின்னப் பெண் கேட்டாள். என்ன பதில் சொல்ல?

மாமியாருக்கு வயது 75. மூன்று வருஷம் முன்புவரை இந்த லீவுக் கூட்டத்துக்குக் குழம்பு கூட்டுவது அவர்கள் கைதான். இப்போது கை நடுங்குகிறது, கரண்டி நிற்பதில்லை. அடுப்படிக்கு வராதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொல்லாமலும் முடியாது. கொதிக்கிற சாம்பார்ப் பாத்திரத்துக்கும் நடுங்குகிற கைக்கும் ஆகாது. அதனால், "அத்தை, வடாம் இந்த வருஷம் நீங்கதான் போட்டுக் கொடுக்கணும். எனக்கு உப்பு சரியா வரலை" என்று கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது.

வடாம் மாவு உப்பு உண்மையிலேயே கணக்கானதுதான். கூழில் பாதி உப்புத்தான் தெரிய வேண்டும். காய்ந்தால் ஏறிவிடும். சரியாக இருக்கிறதே என்று போட்டால் பொரிக்கும்போது வாயில் வைக்க முடியாது. அத்தை ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "இன்னும் ஒரு சிட்டிகை" என்பார்கள். காலை ஆறு மணிக்கே மொட்டை மாடியில் வேட்டி விரித்து, நாத்தனார் பெண்ணும் கொழுந்தனார் பெண்ணும் பிழிய, சின்னவன் காக்காய் ஓட்ட என்று இரண்டு நாள் நன்றாகவே போயிற்று. காக்காய் ஓட்டுகிறவனே பாதிக் கூழைத் தின்றுவிட்டான் என்பது வேறு விஷயம்.

மாமியாருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பிள்ளை எதிரில் வந்தாலும், "தண்ணி குடிச்சியா?" என்றுதான் முதல் கேள்வி. சாப்பிட்டாயா என்று கேட்கிற பாட்டிகளைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இவர்கள் வேறு மாதிரி. கூடத்து மூலையில் தாழ்வான முக்காலியின் மேல் ஒரு மண்பானை, குழாய் வைத்தது. இரண்டு வயதுப் பிள்ளைக்கும் எட்டுகிற உயரம். பக்கத்தில் சின்னச் சின்ன டம்ளர்கள். நான் இந்த வீட்டுக்கு வந்த 1998-லிருந்து இந்தப் பானை அந்த இடத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகள் தண்ணீரைக் கொட்டித் தரையெல்லாம் ஈரமாக்கினாலும் ஒரு வார்த்தை திட்ட மாட்டார்கள். "போ போ, துடைச்சுக்கலாம்" என்பார்கள். துடைக்கிறது யார் என்று நான் கேட்டதில்லை!

பல்லக்கு திரும்பிய அன்று எல்லோரும் தெருவில் அலைந்தோம். வழி நெடுக நீர்மோர், பானகம். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? எதை எங்கே வாங்கிக் குடித்தார்கள் என்று யாருக்கும் நிச்சயமில்லை. ராத்திரி ஒரு மணிக்கு என் மகள் வந்து எழுப்பினாள். "அம்மா, மூணாவது தடவை போயிட்டான்மா. பச்சைத் தண்ணியாட்டம் போகுது. ஒரு தடவை வாந்தியும் எடுத்துட்டான்."

எங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு எப்போதும் இருக்கும். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வீட்டுக்கு வந்த கிராம சுகாதார நர்ஸ் சொல்லிக் கொடுத்த பழக்கம். காய்ச்சி ஆறின தண்ணீர் ஒரு லிட்டர் அளந்து, ஒரு பாக்கெட் முழுதும் கரைத்தேன். (இப்போது 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் விற்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் என்று பாக்கெட்டில் பார்த்துவிட்டுத்தான் கரைக்க வேண்டும். பெரிய பாக்கெட்டில் பாதியைத் தோராயமாகக் கொட்டிக் கரைப்பது கூடவே கூடாது.)

இதற்குள் வீடே விழித்துக்கொண்டது. பத்துப் பேர் இருந்தால் பத்து வைத்தியம்! சின்ன அத்தை, "வயித்தால போறப்ப தண்ணியக் கொடுத்தா, கொடுத்த தண்ணி அப்படியேதான் போகும். ரெண்டு வேளை வயித்தைக் காயப் போடு, தானா நிக்கும்" என்றார்கள். நாத்தனாரும், "ஆமா அண்ணி, குடிக்கக் குடிக்கத்தானே வாந்தி எடுக்கிறான்" என்றாள். என் மகள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையும் அவர்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கொடுக்கச் சொல்றேன்ல!"

திரும்பிப் பார்த்தால் என் மாமியார். இத்தனை வருஷத்தில் அவர்கள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. தன் ஓர்ப்படியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியும் பார்த்ததில்லை. "புள்ள தண்ணி கேக்குதா இல்லையா? கேட்டா கொடுக்கணும். யாரும் குறுக்க பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பேரனை மடியில் வாங்கிக்கொண்டார்கள். என் மகள் ஸ்பூனால் ஊட்டினாள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடி ஒரு ஸ்பூன், ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு ஸ்பூன். விடிகிற வரைக்கும் இதேதான். நடுங்குகிற கை, பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நாலு மணி நேரமும் நடுங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

காலையில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். லேடி டாக்டர். குழந்தையின் வயிற்றுத் தோலை விரலால் கிள்ளி விட்டுப் பார்த்தார். அது உடனே பழையபடி ஆயிற்று. கண் குழி விழவில்லை, அழுதால் கண்ணீர் வருகிறது, ஒன்றுக்குப் போயிருக்கிறான். "குளுக்கோஸ் ஏத்த வேண்டியதில்லை. ராத்திரி நீங்க கொடுத்ததையே தொடர்ந்து கொடுங்க" என்றார். ஒவ்வொரு தடவை போன பிறகும் இந்த வயதுக் குழந்தைக்கு 100-லிருந்து 200 மில்லி வரை கொடுக்கலாமாம். இரண்டு வயதுக்கு உட்பட்டதற்கு அதில் பாதி. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சாப்பாட்டை நிறுத்தக் கூடாது: இட்லி, குழைந்த தயிர்சாதம், வாழைப்பழம், எது இறங்குகிறதோ அது. பால் குடிக்கிற பிள்ளை என்றால் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. பேதியைக் கட்டுகிற மாத்திரை சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. துத்தநாக மாத்திரை, அதாவது ஜிங்க், தினம் 20 மில்லிகிராம் வீதம் பதினாலு நாள். பேதி இரண்டு நாளில் நின்றாலும் பதினாலு நாளும் கொடுத்து முடிக்கச் சொன்னார். குடலும் தேறும், அடுத்த இரண்டு மூன்று மாசத்துக்கு மறுபடி வருகிற வாய்ப்பும் குறையுமாம். பிள்ளை துவண்டு போனாலோ, குடிக்கவே முடியாமல் போனாலோ, ரத்தம் போனாலோ, எந்நேரமானாலும் தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

பாக்கெட் கையில் இல்லாத ராத்திரிக்கும் ஒரு வழி சொன்னார். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு டீஸ்பூனால் தலை தட்டி ஆறு ஸ்பூன் சர்க்கரை, தலை தட்டி அரை ஸ்பூன் உப்பு. கொடுக்குமுன் நாம் ருசி பார்க்க வேண்டும். கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டு வேறு கரைக்க வேண்டும். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து.

இதற்கிடையில் ஒரு கூத்து. எங்களுக்கு உதவுவதாக நினைத்து நாத்தனார் வீட்டுக்காரர் கடையிலிருந்து அட்டைப் பெட்டியில் அடைத்த பானம் நாலு வாங்கி வந்திருந்தார். மேலே 'ஓ.ஆர்.எஸ்.' என்று பெரிய எழுத்து. டாக்டரிடமே காட்டினோம். பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்துவிட்டு, "இது சர்க்கரைத் தண்ணி. பேதி இன்னும் அதிகமாகும்" என்றார். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். பெட்டியில் இருந்ததோ பல மடங்கு. பாவம், மனுஷர் நல்லெண்ணத்தோடு வாங்கி வந்தார். பெயரைப் பார்த்துத்தானே நாம் வாங்குகிறோம்? அதற்கப்புறம் 2025 அக்டோபரில், அந்தக் கணக்கில் இல்லாத பானங்களின் மேல் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்தே இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவு போட்டது. பேப்பரில் படித்ததும் நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

சாயந்திரம் பேரன் ஒரு இட்லியைத் தின்றுவிட்டுக் காக்காய் ஓட்டப் போக வேண்டும் என்று அடம் பிடித்தான். அன்று ராத்திரி எல்லோரும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார்கள். அத்தை மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களாகச் சொன்னார்கள்.

"உன் புருஷனுக்கு அடுத்து ஒருத்தன் இருந்தான். உனக்குத் தெரியாது. அவனுக்கே தெரியாது, அப்ப மூணு வயசு."

1974 கோடை. அப்போது கொள்ளிடக் கரையோரக் கிராமத்தில் இருந்தார்களாம். ஒரு வயதுப் பிள்ளை. வாந்தியும் பேதியும். வயிற்றைக் காயப் போடு, சொட்டுத் தண்ணீர் கொடுக்காதே என்று வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள். இவர்களுக்கு அப்போது வயது 24. எதிர்த்துப் பேசுகிற காலமா அது? "நாக்கை நீட்டி நீட்டிக் கேட்டான். ஈரத் துணியால உதட்டைத் துடைக்கலாம், அவ்வளவுதான்னாங்க. துடைச்சேன். அந்தத் துணியைச் சப்புச் சப்புன்னு சப்பினான். அதையும் பிடுங்கிட்டாங்க." மறுநாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள். வெண்ணாற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளைக்கு என்ன பேர் என்று கேட்டேன். அத்தை பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வடாம் காஞ்சிடுச்சா, எடுத்து வச்சியா?" என்றார்கள். எடுத்து வைத்துவிட்டேன் என்றேன்.

மறுநாள் கொழுந்தனாரின் மூத்த பெண்ணிடம், இந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீர் எப்போது வந்தது என்று போனில் பார்க்கச் சொன்னேன். அவளுக்கு எதற்கென்று சொல்லவில்லை. 1971-ல் வங்காளதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்காளத்தில் பன்காவ் முகாமில் ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்து டிரம்மில் வைத்து, நோயாளிகளின் வீட்டாரையே டம்ளரில் மொண்டு கொடுக்கச் சொன்னாராம். நூற்றுக்கு முப்பது என்று இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் காலமானார். 2023-ல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் இதை நாடு நாடாகப் பரப்பத் தொடங்கியது 1978-ல்.

1971-ல் பன்காவில் தெரிந்த விஷயம், 1974-ல் கொள்ளிடக் கரைக்கு வந்து சேரவில்லை. பெண் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கேட்டார்களா என்று தெரியாது. கை மட்டும் நின்றது.

சின்ன அத்தையை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர்கள் சொன்னார்கள். ஆனால் இன்றைக்கும் வயிற்றைக் காயப் போடு என்று சொல்கிற ஒருவர் இல்லாத வீடு கிடையாது. சம்பந்தி வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, நம் வீட்டிலேயோ இருப்பார்கள். இளம் தாய்மார்கள் அந்த நேரத்தில் என் மகள் மாதிரி டம்ளரை வைத்துக்கொண்டு முழிக்கத்தான் செய்வார்கள். பக்கத்தில் இருக்கிற மூத்தவள் ஒருத்தி சத்தம் போட்டால்தான் அவர்களுக்குத் தைரியம் வரும்.

ஊருக்குக் கிளம்புகிற நாள் எப்போதும் போல ஒரே அமர்க்களம். ஆவக்காய் யாருக்கு, மாவடு யாருக்கு, ஒரு ஜோடிச் செருப்பில் ஒன்றைக் காணோம், சார்ஜர் எங்கே என்று ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காத இரைச்சல். அத்தை காலையிலேயே என் கணவரைக் கடைக்கு அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு பையிலும் வடாம் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இரண்டிரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். சின்ன அத்தையின் பையில் மட்டும் நாலு! சின்ன அத்தை பார்த்தார்கள், ஒன்றும் சொல்லாமல் உள்ளே தள்ளி ஜிப்பை இழுத்துக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பார்க்கிறேன், சுவரில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் அத்தை பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பேரனின் ஜிங்க் மாத்திரைக் கணக்கு. நடுங்கி நடுங்கி இழுத்த கோடுகள். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு, "போன் போட்டுக் கேளு, இன்னிக்கு கொடுத்தாளான்னு" என்பார்கள். என் மகளுக்கு முதலில் சிரிப்பு, ஆறாம் நாள் கொஞ்சம் சலிப்பு. பதினாலாம் நாள் அவளே கூப்பிட்டாள். "முடிஞ்சுதும்மா, பாட்டிகிட்ட சொல்லிடு" என்றாள். நான் போனை அத்தையிடம் கொடுத்தேன். படத்தில் பேரன் சட்டையில்லாமல் குதித்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, தண்ணி குடிச்சியா?" என்றார்கள்.

அவன் ஓடிப்போய் டம்ளரை எடுத்து வந்து, எங்கள் கண் முன்னாலேயே மடக் மடக்கென்று குடித்துக் காட்டினான். பாதி நெஞ்சில் வழிந்தது.